சீனியர் உயில் பக்கம்: தேனுவுக்கு

அன்புள்ள தேனு,

நீ வேலை பார்க்கிற அமெரிக்கப் பள்ளியின் மாணவர் பத்திரிகையில் சீனியர் சிறப்பிதழ் உன் தலையில் விழுந்திருக்கிறது என்று சொன்னாய். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் போகிற பிள்ளைகளின் வேடிக்கை உயில்களும் அவர்களைப் பற்றிய எதிர்கால ஜோசியமும் வருகிற இதழ். கூடவே, "நாலு பக்கம் ஜோக்குதானே அம்மா" என்றும் சொன்னாய். அங்கேதான் தப்பு. மற்ற இதழ்களில் பிழை வந்தால் அடுத்த இதழில் திருத்தம் போடலாம். இதற்கு அடுத்த இதழ் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் தொப்பியைத் தூக்கி எறிந்துவிட்டுக் கலைந்துபோவார்கள். நீ அச்சடித்த வரி மட்டும் அவர்கள் வீட்டுப் பரணில் நாற்பது வருஷம் கிடக்கும்.

முதலில் கணக்கு. உன்னிடம் 120 பேர். டேப்லாய்டு அளவுப் பக்கத்தில் 8 புள்ளி எழுத்தில், கொஞ்சம் படமும் வைத்தால், சுமார் 1,100 சொல் பிடிக்கும். உயில் தலைக்கு 40 சொல் என்றால் 4,800 சொல், அதாவது நாலரைப் பக்கத்துக்குச் சற்றுக் குறைவு. எதிர்கால ஜோசியத்துக்கு ஒன்றரைப் பக்கத்துக்குச் சற்று மேலே. முகப்பு ஒன்று. மிச்சம் ஒரு பக்கத்தில், 'சிறந்த ஜோடி' மாதிரி வகுப்பு ஓட்டுப் போட்டுத் தரும் பட்டங்களும் 'யார் எங்கே போகிறார்கள்' பட்டியலும். மொத்தம் எட்டு. செய்தித்தாள் நாலின் மடங்கில்தான் அச்சாகும் என்பதால் ஒன்பதாவது பக்கம் வேண்டுமென்றால் பன்னிரண்டுக்குப் பணம் கட்ட வேண்டும். அதனால் 40 சொல் என்பதைப் படிவத்திலேயே நாற்பது கட்டங்களாக வரைந்து கொடு. "ஏறக்குறைய 40" என்று எழுதினால் 90 வரும். வெட்டும்போது நகைச்சுவைதான் முதலில் சாகும்.

பட்டமளிப்பு மே 29 என்றால் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வா. இதழ் கையில் கிடைக்க வேண்டியது மே 20. அச்சகத்துக்கு மே 11. கோப்பைப் பூட்டுவது மே 8. மே முதல் இரண்டு வாரம் ஏபி என்கிற கல்லூரித் தரத் தேர்வு, ஒருத்தரும் உன் கைக்கு அகப்பட மாட்டார்கள். ஆகவே படிவம் ஏப்ரல் 6 கொடுத்து ஏப்ரல் 17 வாங்கிவிடு. ஏப்ரல் 17க்குப் பிறகு வருவது எவ்வளவு நல்ல ஜோக்காக இருந்தாலும் சேராது என்று படிவத்திலேயே தடித்த எழுத்தில் போடு.

இனி உயில். நம் ஊர்ப் பத்திர எழுத்தர் "சுய புத்தியுடனும், பிறர் தூண்டுதல் இல்லாமலும்" என்று ஆரம்பிப்பாரே, அதே வாடைதான் இங்கேயும்: நல்ல மனமும் நல்ல உடலும் உள்ள இன்னார் ஆகிய நான், இன்ன ஜூனியருக்கு இன்னதை விட்டுச்செல்கிறேன். ஒவ்வொரு பிள்ளையும் "ஓரளவு நல்ல மனமும்", "தூக்கக் கலக்க உடலும்" என்று அந்த வரியைத் திருகும். முதல் ஆள் திருகினால் சிரிப்பு, பத்தாவது ஆளில் கொட்டாவி. அந்த வாக்கியத்தைப் பக்கத்தின் தலையில் ஒரே முறை பெரிதாகப் போட்டுவிட்டு, தனித்தனி உயிலில் தடை செய். இங்கிலீஷில் அது பன்னிரண்டு சொல்லாவது வரும். 120 பேருக்கு 1,440 சொல். ஒரு முழுப் பக்கத்துக்கு மேலேயே மிச்சம்.

உயில் எங்கே பிடிக்கிறது, எங்கே சப்பென்று போகிறது என்பதற்கு ரொம்பப் பழைய சாட்சி ஒன்று உண்டு. லத்தீனில் ஒரு பன்றிக்குட்டியின் உயில். சமையல்காரன் கத்தியோடு நிற்க, குட்டி ஒரு மணி நேரம் அவகாசம் கேட்டுச் சொத்தைப் பிரிக்கிறது. செருப்புத் தைப்பவர்களுக்குத் தன் முடி, காது கேட்காதவர்களுக்குக் காது, வக்கீல்களுக்கும் வாயாடிகளுக்கும் நாக்கு, பையன்களுக்கு மூத்திரப்பை, பெண் பிள்ளைகளுக்கு வால். பள்ளிக்கூடத்துப் பையன்கள் இதை ஒப்பித்துச் சிரித்ததைப் பழங்காலக் கிறிஸ்தவ அறிஞர் ஜெரோம் எழுதியிருக்கிறார். ஆயிரத்து அறுநூறு வருஷம் ஆகியும் அது ஏன் வேலை செய்கிறது பார். கொடுப்பது தன் உடம்பிலிருந்தே எடுத்தது. வாங்குகிறவனுக்கு அது தேவைப்படுகிறது, தேவைப்படுவதில்தான் குத்தலும் இருக்கிறது.

உன் பிள்ளைகள் எழுதுவது பெரும்பாலும் "என் நகைச்சுவை உணர்வை ஜூனியர்களுக்கு விட்டுச்செல்கிறேன்" என்று இருக்கும். உப்புச்சப்பில்லை. திருப்பிக் கொடுத்து ஒரே ஒரு கேள்வி கேள்: கையால் தொடக்கூடிய பொருளா? அப்படிக் கேட்டால் வேறு மாதிரி வரும்:

"நூலகத்து மூன்றாவது மேஜையின் ஆடுகிற காலுக்கு அடியில் நான் எட்டாக மடித்து வைத்த இயற்பியல் கேள்வித்தாளை, அடுத்து அங்கே உட்காரப்போகும் இன்னாருக்கு விட்டுச்செல்கிறேன். எடுக்காதே. மேஜை சாயும். என் மதிப்பெண்ணும் தெரிந்துவிடும்."

"பேண்டு வாத்திய அறை வழியாகப் போனால் நாலு நிமிட இடைவேளையில் இரண்டாவது மாடியைப் பிடிக்கலாம் என்கிற ரகசியத்தை, தினமும் தாமதமாக வரும் இன்னாருக்கு. டிராம்போன் ஆள் கையை நீட்டும்போது குனி."

இரண்டாவதில் கடைசி வாக்கியத்தைக் கவனி. பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தெரியும், எச்சரிக்கை சேர்க்கத் தெரியாது. கொடுத்த பொருளில் ஒரு பழுதைச் சொல்லச் சொல். பழுது சொன்னால் பாதி உயில்கள் தாமாகவே எழுந்து நிற்கும். ஆனால் லாக்கரை விட்டுச்செல்கிறவர்கள் உற்சாகத்தில் பூட்டின் மூன்று எண்களையும் எழுதிவிடுவார்கள். அடுத்த ஆகஸ்டில் அதே லாக்கர் அதே பூட்டோடு ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் போகும். எண்கள் எங்கே வந்தாலும் அடித்துவிடு. "இடது பக்கக் கீழ் மூலையில் உதைத்தால்தான் திறக்கும்" என்பதை மட்டும் விட்டுவை.

ஓர் உயிலில் மூன்று பெயருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அந்த ஆளே தன் கையெழுத்தைப் போட்டிருக்க வேண்டும், வரியைப் படித்த பிறகு. ஆசிரியர் பெயர் வந்தால் ஆசிரியரும். கையெழுத்து வாங்க முடியாவிட்டால் பெயர் போகும். "அவனுக்கு சர்ப்ரைஸா இருக்கணும் மிஸ்" என்று கெஞ்சுவார்கள். சர்ப்ரைஸ் வேண்டும் என்று அடம்பிடிக்கும் வரியைத்தான் நீ இரண்டு முறை படிக்க வேண்டும்.

பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதே. ஹேசல்வுட் வழக்கு உனக்குத் தெரியும். 1983இல் மிசௌரி மாநிலத்தில் ஒரு பள்ளி முதல்வர் மாணவர் பத்திரிகையின் இரண்டு பக்கங்களை எடுத்தார். 1988இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 3 என்று பள்ளியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு சரியா என்பது வேறு பேச்சு, எனக்கு அதில் மனக்குறை உண்டு. ஆனால் அந்த முதல்வர் சொன்ன காரணங்களில் ஒன்று உன் மேஜைக்கு அப்படியே பொருந்தும். கர்ப்பமான மாணவிகளைப் பற்றிய கட்டுரையில் உண்மைப் பெயர் இல்லாவிட்டாலும், மற்ற விவரங்களை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்றார். 120 பேர் வகுப்பில் "செல்லோ வாசிக்கும் ஒரு பெண்" என்றால் அது பெயர்தான்.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இங்கே நியூ ஜெர்சியில் 2021 டிசம்பரில் மாணவர் பத்திரிகையாளர்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உன் பள்ளி டிஸ்ட்ரிக்ட் கொள்கை என்ன, முன்கூட்டியே யார் படிப்பார்கள் என்பதைப் படிவம் கொடுப்பதற்கு முன்னாலேயே எழுத்தில் வாங்கு. சிக்கல் என்றால், மாணவர் பத்திரிகைகளுக்குச் சட்ட உதவி செய்யும் ஸ்டூடண்ட் பிரஸ் லா சென்டர் இலவசமாகவே ஆலோசனை சொல்லும். இன்னொன்று, தங்கள் பிள்ளையின் பெயரும் படமும் வெளியே போக வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பெற்றோரின் பட்டியல் அலுவலகத்தில் இருக்கும். மே மாதத்தில் போய்க் கேட்காதே, ஏப்ரலிலேயே கேள்.

எதிர்கால ஜோசியம் இன்னும் நுணுக்கம். பத்து வருஷம் கழித்து, 2036இல், இவர்கள் என்ன ஆகியிருப்பார்கள் என்பதுதானே. நாலு பேர் உட்கார்ந்து எழுதினால் ஒருத்தன் கோடீஸ்வரன், ஒருத்தி ஜனாதிபதி, ஒருத்தன் ஜெயில் என்று போகும். வழுக்கை, தொப்பை, கல்யாணம், பிள்ளை, ஜெயில், பணம், இந்த ஆறையும் முதல் நாளே பலகையில் எழுதிக் குறுக்கே கோடு போடு. "பர்கர் கடையில் வேலை பார்ப்பான்" என்பதையும் சேர்த்துக்கொள். அந்த வகுப்பிலேயே யாரோ ஒருத்தரின் அம்மா அங்கே வேலை பார்ப்பார், அல்லது அந்தப் பிள்ளையே சாயங்காலம் பார்க்கும். கல்லூரிப் பெயரும் வேண்டாம். மார்ச் கடைசியில் வந்த நிராகரிப்புக் கடிதம் மே மாதத்தில் இன்னும் ஆறியிருக்காது.

மிஞ்சுவது என்ன என்று கேட்பாய். பழக்கம் மிஞ்சும். வகுப்பே பார்த்த ஒரு பழக்கத்தை எடு, அதை ஒரு வேலையில் உட்கார வை, கடைசியில் வேலை தோற்றுப் பழக்கம் ஜெயிக்க வேண்டும். எல்லோருக்கும் சேர்த்து ஒரே இடமும் வேண்டும், இல்லாவிட்டால் 120 துண்டுச் செய்திகளாகிவிடும். டாலஸ் விமான நிலையம் வைத்துக்கொள். ஆலங்கட்டி மழை, எல்லா விமானமும் ரத்து. எதற்கெடுத்தாலும் "இது டெஸ்ட்ல வருமா?" என்று கேட்ட பையன் இப்போது விமானி. பாதுகாப்பு அறிவிப்பை முடித்துவிட்டு ஒலிபெருக்கியில் அதையே கேட்கிறான். ஏழு பேனா கடன் வாங்கித் திருப்பாத பெண் சுங்கத்தில் இருக்கிறாள், படிவம் நிரப்ப வருகிற ஒவ்வொருவரிடமும் பேனா கேட்கிறாள்.

ஆறு பேருக்கு ஒரு காட்சி, இருபது காட்சி, காட்சிக்கு 90 சொல், ஆக 1,800 சொல். விருந்தில் வாசித்தால் நிமிடத்துக்கு 130 சொல் என்று 14 நிமிடம், சிரிப்புக்கு நிறுத்தினால் இருபது. அதற்கு மேல் போனால் கேக் வெட்டப் போய்விடுவார்கள். பெயர்ப்பட்டியலில் 120 பேரையும் காட்சி எண்ணோடு குறித்துக்கொள். யாரும் எழுத முன்வராத ஏழெட்டுப் பெயர் கடைசியில் நிற்கும், அமைதியான பிள்ளைகள். அவர்களை "மற்றும் பலர்" ஆக்காதே. அந்தப் பிள்ளையின் பழக்கம் எழுதுகிற நாலு பேருக்கும் தெரியாவிட்டால் பேண்டு மாஸ்டரையும் நூலகரையும் கேள். அவர்கள் பார்த்திருப்பார்கள்.

பட்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அழகு, உடம்பு சம்பந்தப்பட்டதை எடுத்துவிடு. 'சிறந்த ஜோடி'யையும் எடுத்துவிடு, ஜனவரியில் ஓட்டுப் போட்ட ஜோடி மே மாதம் வரை தாங்காது. 'யார் எங்கே' பட்டியலில் கல்லூரி, வேலை, ராணுவம், தொழிற்பயிற்சி, 'சொல்ல விரும்பவில்லை' எல்லாமே படிவத்தில் சம அளவுக் கட்டமாக இருக்கட்டும்.

கடைசியாகப் புதையல் வேட்டை. கெட்டிக்காரப் பிள்ளைகள் கெட்ட வார்த்தையை வரியில் ஒளித்து வைப்பார்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் எழுத்தையும் மேலிருந்து கீழே படி. அந்நிய மொழி வரி இருந்தால், ஸ்பானிஷோ தமிழோ, தெரிந்த பெரியவர் ஒருவர் படிக்காமல் போகக் கூடாது. 420 என்கிற எண் வந்தால் கஞ்சா. தனிமங்களின் பெயர் வரிசையாக வந்தால் சின்னத்தை எழுதிப் பார்: பேரியம், கோபால்ட், நைட்ரஜன் என்றால் Ba, Co, N, சேர்த்தால் 'பேக்கன்', வெறும் பன்றி இறைச்சி, விட்டுவிடு. ஃப்ளூரின், யுரேனியம், கார்பன், பொட்டாசியம் என்றால் நீயே எழுதிப் பார்த்துக்கொள், நான் எழுத மாட்டேன். "வேதியியல் பிடிக்கும் மிஸ்" என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு சொல்வான்.

அசலாக அவமானம் வருவது பிள்ளைகள் ஒளித்ததிலிருந்து அல்ல, உன் குழு தற்காலிகமாக நிரப்பியதிலிருந்து. உயில் வராத இடத்தில் "இந்தச் சோம்பேறி இன்னும் தரவில்லை" என்று தட்டி வைப்பார்கள், மாற்ற மறந்துவிடுவார்கள். காலி இடத்தில் எக்ஸ் எழுத்து ஐந்து, வேறெதுவும் கூடாது. அனுப்புவதற்கு முன் எக்ஸ் ஐந்தைத் தேடு. மே 8 இரவு கோப்பைப் பூட்டும்போது கடவுச்சொல்லையும் மாற்று. அதற்கு அப்புறம் திறக்கிற கை உன்னுடையது மட்டும்.

பெயர்களைப் பள்ளிக் கவுன்சிலர் தரும் டிப்ளமா பட்டியலோடு ஒருத்தர் எழுத்து எழுத்தாகச் சொல்ல, இன்னொருத்தர் பார்க்க வேண்டும். பிள்ளை வேறு பெயரில் அழைக்கப்படுகிறதென்றால் எது அச்சில் வர வேண்டும் என்று பிள்ளையையே கேள். நம் பிள்ளைகள் இருந்தால் அப்பா பெயர் முன்னாலே போய் நிற்கும், அதையும் பார்.

படிவத்தைக் காலியாகத் திருப்பித் தருகிற பிள்ளைக்கு யாரும் ஜோக் எழுதித் தரக் கூடாது. பெயரை மட்டும் போட்டு, கீழே "எதையும் விட்டுச்செல்லவில்லை, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகிறேன்" என்கிற ஒரே வரி. இந்த வரிதான் வரும் என்று ஏப்ரல் 6 படிவத்திலேயே அச்சடித்துவிடு. அதைப் படித்துவிட்டு, அதற்காகவே காலியாகத் தருகிறவர்களும் இருப்பார்கள். இருக்கட்டும்.

படிவத்தை ஒரு பக்கம் மட்டும் அடி. பின்பக்கம் எழுதுவது ஸ்கேனில் விடுபடும்.

அம்மா