தார்த்துபாலுக் என்ற பெயர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஹான்ஸ் தீவைப் பற்றி வெளிவந்த கட்டுரை, அதை 'யாருக்கும் பயன்படாத வெறும் பாறை' என்று குறிப்பிட்டிருந்தது. கனடாவின் வடபகுதியான நுனாவுட்டில் ஆறு ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றிய எனக்கு அந்த ஒரு வரி பெரும் வருத்தத்தைத் தந்தது.

ஆர்க்டிக் பகுதியின் பழங்குடிகளான இனுயிட் மக்கள் அத்தீவைத் தார்த்துபாலுக் என்பார்கள். சிறுநீரக வடிவினது என்று பொருள். கட்டுரையில் அப்பெயர் ஓரிடத்திலும் இல்லை. கனடாவின் எல்ஸ்மியர் தீவுக்கும் டென்மார்க்கைச் சேர்ந்த கிரீன்லாந்துக்கும் நடுவே, ஏறத்தாழ 1.3 சதுர கிலோமீட்டர் பரப்பே உள்ள அந்த உயர்ந்த பாறையில் ஏறி நின்றுதான், கடற்பனி எங்கே உறுதியாக இருக்கிறது, பனிக்கரடி எந்தப் பக்கம் நடமாடுகிறது என்பதை இனுயிட் மக்களில் ஒரு பிரிவினரான வடமேற்குக் கிரீன்லாந்தின் இனுகுயிட் வேட்டைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கவனித்து வந்திருக்கிறார்கள்.

எங்கள் மருத்துவ நிலையத்துக்கு வரும் முதியவர் ஒருவர், காத்திருக்கும் நேரத்தில் தம் ஊர்க் கடற்கரையைத் தாளில் வரைந்து காட்டுவார். ஒரு குடிசைகூட இல்லாத தீவுகளுக்கெல்லாம் பெயர் சொல்லி, முட்டை பொறுக்கும் இடம் எது, கடல்நாயின் மூச்சுத்துளைக்கருகே காத்திருக்கும் இடம் எது, பனி முதலில் பிளக்கும் இடம் எது என்று விளக்குவார். அச்சிட்ட வரைபடத்தில் அவற்றுள் பல பெயரின்றியே கிடந்தன.

தீவுக்கு உரிமை கோரிய கனடாவும் டென்மார்க்கும் மாறி மாறி அங்கே விட்டுச்சென்ற கொடிகளையும் மதுப்புட்டிகளையும் பற்றிக் கட்டுரையாளர் ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். ஆனால், 2022 ஜூன் 14 அன்று கனடாவும் டென்மார்க்கும் தீவைப் பிரித்துக்கொண்டபோது, இனுயிட் மக்கள் அங்கே தடையின்றி நடமாடவும் வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் வழிசெய்ததைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 1953-இல் கிரீன்லாந்திலிருந்த அமெரிக்காவின் தூலே விமானத்தளத்துக்காக இனுகுயிட் மக்களை அவர்களுடைய ஊரிலிருந்து டென்மார்க் அகற்றியதையும், அதே ஆண்டில் வடக்குக் கியூபெக்கின் இனுக்ஜுவாக் ஊரைச் சேர்ந்த இனுயிட் குடும்பங்களைக் கனடா தன் வடகோடிக்குக் கொண்டுபோய் இறக்கியதையும், அதற்காக 2010-இல் மன்னிப்புக் கேட்டதையும் தாங்கள் அறிவீர்கள். யாருமில்லாத நிலம் என்ற எண்ணம் அம்மக்களுக்கு எத்தனை துயரம் தந்ததென்று அறிந்த இதழிலேயே இவ்வரி வந்ததுதான் என்னை மிகவும் வருத்துகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தங்கள் இதழ் அவர்களை, அவர்களில் பலர் இழிவாகக் கருதும் 'எஸ்கிமோக்கள்' என்ற பெயரால் எழுதியபோதும் கடிதம் அனுப்பினேன், அது வெளியாகவில்லை.

அடுத்த இதழில் தார்த்துபாலுக் என்ற பெயரையும், அது வேட்டைக்காரர்களுக்குப் பயன்பட்டு வரும் இடம் என்பதையும் ஒரு வரித் திருத்தமாகவேனும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
டொராண்டோ