மதகும் எண்ணெயும்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடவில்லை என்று திட்டாதே, குட்டிப்பயல் விட்டால்தானே. போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், பிரசவக் கதையை எப்படிச் சொல்வது?

யார் கையைப் பிடித்துக்கொண்டு வலி பொறுத்தாய் என்று கேட்டிருந்தாய். நான் பிடித்திருந்தது ஒரு பொத்தானை.

அப்பாவுக்கு இடுப்புப் பிடித்தபோது கும்பகோணத்தில் கரண்ட் வைத்தார்களே, அதே ஜாதிதான். இங்கே டென்ஸ் என்கிறார்கள். கைக்கு அடக்கமான பாட்டரிப் பெட்டி, நான்கு ஒட்டுப் பட்டைகள். இரண்டு நடுமுதுகில், இரண்டு இடுப்புக்குக் கீழே. பயப்படாதே, கால் மரத்து உணர்வு திரும்பும்போது குறுகுறுக்குமே, அவ்வளவுதான். வலி ஏறும்போது பொத்தானை அழுத்தினால் குறுகுறுப்பு கூடும், இறங்கியதும் குறைத்துக்கொள்ளலாம். மருந்தே கிடையாது. தம்பியிடம் சொல், 1965ல் மெல்சாக், வால் என்று இரண்டு பேர் சொன்ன கணக்காம்: தண்டுவடத்தில் ஒரு மதகு இருக்கிற மாதிரி, குறுகுறுப்பு முந்திக்கொண்டால் மதகு அடைத்துக்கொள்ளும், வலி மூளைக்கு ஏறாது.

பெட்டி பக்கத்து வீட்டுக் கிழவியுடையது, அவள் மகளுக்கு வாங்கியதாம். கடையில் வாங்க முடியாமல் இல்லை, சும்மா கிடைக்கும்போது எதற்கு வீண் செலவு? பட்டை மட்டும் புதிது. அவள் ஒரு மாதிரி, மார்கழிக் குளிரில் சன்னலைத் திறந்துவைத்துப் பூனைக்கு ரேடியோ போடுவாள். நாங்கள் ஒரே அறையில்தான் ஹீட்டர் போடுகிறோம், கதகதப்பாகத்தான் இருக்கிறது.

அன்றைக்கு இவருக்கு ராத்திரி ஷிஃப்ட். வலி கண்டதும் நீ அனுப்பிய திருக்கருகாவூர் அம்மன் கோயில் எண்ணெயை வயிற்றில் தடவினேன், சும்மா இருக்காமல் முதுகிலும் தடவிவிட்டேன். அப்புறம் பட்டை ஒட்டுமா? ஒவ்வொன்றாக வழுக்கி விழுந்தது. கிழவிதான் வந்து சோப்புத் துணியால் துடைத்து ஒட்டிவிட்டாள். அம்மன் வயிற்றில், கரண்ட் முதுகில்.

வீட்டில் ஆறு மணி நேரம் அதோடு ஓட்டினேன். வலி போய்விட்டது என்றால் பொய். ஆராய்ச்சியில் பெரிய பலன் நிரூபணமாகவில்லை என்று மிட்வைஃபே சொன்னாள். ஆனால் செய்ய ஏதோ ஒன்று கையில் இருந்ததே, அதுவே போதும் போலிருந்தது. ஆஸ்பத்திரியில் வலி நெருங்கியதும் கழற்றிப் போட்டுவிட்டேன். உறிஞ்சுவதற்கு ஒரு காற்று கொடுத்தார்கள், பாதி ஆக்ஸிஜன், பாதி நைட்ரஸ் ஆக்சைடு. அப்போது 'அம்மா' என்று நான் கத்தியது உனக்கே கேட்டிருக்கும்.

பிள்ளை பிறந்ததும் என்ன கொடுத்தார்கள் தெரியுமா? ஆறிப்போன டோஸ்ட்டும் டீயும். உன் பூண்டுக் குழம்பு ஞாபகம் வந்து டோஸ்ட்டைப் பார்த்து அழுதேன். ஜாம் வேண்டுமா என்று நர்ஸ் கேட்டாள்.

சரி, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டாச்சா? ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் என்று சொல்லிவிட்டால் அப்பா ராத்திரி களத்தில் காவல் கிடக்க வேண்டாம், தம்பியை அனுப்பு. வளையலை மீட்க மாசியில் பணம் அனுப்புகிறேன். தையில் முடியாது, ஒன்றுமில்லை, சும்மாதான். கலா சித்தி மகன் வரும்போது பிரசவ லேகியம் கொடுத்தனுப்பு, மூடியை இறுக்கித் துணி சுற்றிக் கட்டு.

உன் மகள்