ஒன்பது பந்துகளும் இரண்டு தசமங்களும்: தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கிரிக்கெட் தேர்வுக் குழுவினருக்கு, கோத்தகிரியிலிருந்து வணக்கம்.

எங்கள் ஹட்டிப் (மலைக் கிராமத்துப்) பையனை ஏன் அணியில் எடுக்கவில்லை என்று கேட்டதற்கு ஒரே வரியில் பதில் அனுப்பியிருந்தீர்கள். அவன் ஸ்ட்ரைக் ரேட் (நூறு பந்துக்கு எத்தனை ரன் என்ற கணக்கு) 122.22, உங்கள் சர்வதேச வீரருடையது 148.

அந்த 122.22 வந்த கதையைக் கேளுங்கள். தேர்வு ஆட்டத்தன்று காலையிலேயே பேடு கட்டியவனை மாலை நாலரைக்குத்தான் இறக்கினீர்கள். கிடைத்தது 9 பந்து, எடுத்தது 11 ரன். கடைசிப் பந்தை நேராக விளாசினான். அது எதிர்முனை ஸ்டம்பில் மோதி அங்கேயே கிடந்தது. அரையடி விலகியிருந்தால் பவுண்டரி, ஸ்ட்ரைக் ரேட் 166.67. உங்கள் சர்வதேச வீரரையே தாண்டியிருப்பான். 300 பந்து ஆடியவருக்கு ஒரு பவுண்டரி கூடினால் ஒன்றரைப் புள்ளிகூட ஏறாது; 9 பந்து ஆடியவனுக்கு 44 புள்ளி ஏறும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததோடு, அவனுக்கு மட்டும் இரண்டு தசமமும் போட்டிருக்கிறீர்கள். துல்லியத்துக்கு நன்றி.

உங்கள் சர்வதேச வீரர் தொடக்க ஆட்டக்காரர். முதல் ஆறு ஓவர் பவர்பிளேயில் உள்வட்டத்துக்கு வெளியே இரண்டே பேர் நிற்பார்கள். இவன் இறங்கியபோது ஐந்து பேர் எல்லைக்கோட்டில் நின்றார்கள். போதாததற்கு, எங்கள் மைதானத்தில் பந்து தேயிலைக்குள் விழுந்தால் அவுட். தரையோடு அடித்தே வளர்ந்த பிள்ளை அவன்.

கேட்பது இதுதான்: எத்தனை பந்து, எந்த ஓவர், யார் வீசியது என்று பார்க்காமல் இருவரையும் ஒப்பிடாதீர்கள்.

2025 ஏப்ரலில் ஜெய்ப்பூரில் நடந்த ஐபிஎல் ஆட்டத்தில் 14 வயது வைபவ் சூர்யவன்ஷி 35 பந்தில் சதமடித்தபோது அவரும் இந்திய சீனியர் அணிக்கு ஆடாதவர்தான். எதிரே வீசியவர்களில் சர்வதேச வீச்சாளர்களான சிராஜும் ரஷித் கானும் இருந்தார்கள். அப்படிப்பட்ட பந்துவீச்சில் எங்கள் பையனையும் சோதியுங்கள், தோற்றால் வாய் திறக்க மாட்டோம்.

ஐபிஎல்லில் 'சர்வதேச ஆட்டம் ஆடாதவர்' என்ற பட்டியலாவது ஒழுங்கா? ஐந்தாண்டு ஆடவில்லை என்று, உலகக் கோப்பை வென்ற தோனியையே 2025 ஐபிஎல்லுக்கு அதில் சேர்த்து 4 கோடி ரூபாய்க்குத் தக்கவைத்தார்கள். அவர் ரன்களை எந்தப் பக்கம் எழுதுவீர்கள், ஆடியவர் பக்கமா, ஆடாதவர் பக்கமா? எங்கள் பையனும் தோனியும் ஒரே வகுப்பு என்பதில் ஊருக்குப் பெருமைதான்.

பேச்சு எங்கோ போய்விட்டது, மன்னிக்கவும். அடுத்த தேர்வில் அவனுக்கு 30 பந்தாவது கொடுங்கள். எத்தனை பந்து, எந்த ஓவர், யார் வீசியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முடிந்தால் காலையிலேயே இறக்குங்கள். தேர்வு ஆட்டம் முடிந்த அன்று மலையேறும் கடைசி பஸ் போய்விட்டது. ஒரு நாள் கூலியை விட்டுத் துணைக்கு வந்த அப்பாவும் அவனும் மேட்டுப்பாளையம் பஸ் நிலையத்தில் விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

இப்படிக்கு,
ஹட்டி அணியின் பொறுப்பாளர்