எண்ணெய் அனுப்பவா கண்ணு?

கண்ணு,

தேங்காய் ஆட்டி எண்ணெய் வெச்சிருக்கேன், கொரியர்ல அனுப்பவா? நீ போன் எடுக்கறதில்ல, வேலையா இருப்பேன்னு விட்டுட்டேன். புனேல அவ்ளோ பெரிய வேலை, நம்ம வீதில எந்தப் பொண்ணு அப்படி இருக்கா, ஆனா அப்பனுக்கு ஒரு "சரிப்பா" சொல்ல நேரமில்ல.

அத்தைக்கு திரும்ப வந்ததுக்கு நாலாவது கீமோ முடிஞ்சுது. அவ பொண்ணு உன்கிட்ட பேசினாளாமே. என்னன்னு நான் கேக்கல.

ஜீன் டெஸ்ட் பண்ணிக்கோ கண்ணு, ரத்தம் எடுத்தா போதும்.

முப்பது வருஷம் பிளஸ் டூவுக்கு கிராஸிங் ஓவர் நடத்துனேன், ரெண்டு கலர் சாக்பீஸ்ல குரோமோசோம் போட்டு வெட்டி மாத்தி ஒட்டுவேன். அந்த ஒட்டுற வேலைய வெச்சுத்தான் உடம்பு அறுந்த டிஎன்ஏவயும் சரி பண்ணுதுன்னு ஒரு நாளும் போர்டுல போட்டதில்ல, பரீட்சைல கேக்க மாட்டான்.

அப்பத்தா தறியில இழை அறுந்தா பக்கத்துப் பூவைப் பார்த்துப் பார்த்து அதே மாதிரி கோர்ப்பா, நான் அவசரத்துல ரெண்டு முனையையும் முடிஞ்சு விட்டா பூ கோணிக்கும், முதுகுல ஒண்ணு விழும். செல்லும் அப்படித்தான், டிஎன்ஏல ரெண்டு இழையும் சேந்து அறுந்தா, பக்கத்துல இருக்கற காப்பியப் பார்த்து சரி பண்ணும். அதுக்கு ஆள் கூட்டிட்டு வர்றது பிஆர்சிஏ1ங்கற ஜீன், 17ஆவது குரோமோசோம்ல இருக்கு. அதோட ரெண்டு காப்பில ஒண்ணு பொறப்புலயே பழுதாயி, மிச்சமிருக்கற நல்லதும் போச்சுன்னா, செல்லு என்னை மாதிரி முடிச்சுப் போட ஆரம்பிச்சுரும். தப்பு சேந்து சேந்து மார்புலயோ சினைப்பைலயோ புத்துநோயா போய் நிக்கும். அப்பத்தா 48 வயசுல வயிறு வீங்கிப் போனா, நாம செய்வினைன்னு சொல்லிட்டிருந்தோம்.

இது அம்மா வழில மட்டும் வர்றதில்ல. அப்பன் வழிலயும் வரும், பாதிக்குப் பாதி.

டெஸ்ட் பண்ணிக்கோ. நேரத்துக்கு சாப்பிடு. பழுது இருந்துச்சுன்னா 25 வயசுல இருந்தே வருஷா வருஷம் மார்புக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொல்றாங்க, உனக்கு 29 ஆச்சு.

ஆச்சுன்னு எழுத எனக்கு வெக்கமா இருக்கு. அத்தை ரிப்போர்ட் வந்தப்பவே கூடப் பொறந்தவங்களும் பார்த்துக்கங்கன்னு டாக்டர் சொன்னாரு, நான் பார்த்தேன், எனக்கும் இருக்கு. உன் கல்யாணத்துக்கு மூணு மாசம் இருந்துச்சு. மாப்பிள்ளை வீட்ல என்ன சொல்வாங்களோன்னு பயந்து, உங்கம்மா கூறைச்சேலைக்கு அடியில வெச்சேன். ரெண்டு வருஷமா அங்கதான் கெடந்துச்சு. ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் பாடம் நடத்துனேன், உனக்கு சொல்லல.

ரிப்போர்ட்ட இதோட வெச்சிருக்கேன். எந்த இடத்துல பழுதுன்னு அதுல இருக்கு, உனக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தா போதும், டாக்டர்கிட்ட காட்டு.

உங்கம்மாகிட்ட இன்னைக்கு ராத்திரி சொல்லலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி அவகிட்ட நீ எதுவும் கேட்டுராத கண்ணு.

அப்பா