ஜெராக்ஸ் கடைத் தங்கைக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

வந்துவிட்டது. 1971 பாகிஸ்தான் போரில் அப்பா இருந்ததற்கான பதக்கங்களை ஒப்புக்கொண்ட ராணுவக் கடிதம், வியாழக்கிழமை மதியம் ஸ்பீட் போஸ்ட்டில் வந்தது. அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கி, உறையைப் பிரிக்காமல் சாமி மாடத்தில் வைத்துவிட்டு, நான் வேலை முடிந்து வரும்வரை அதற்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாராம். காபி கூடக் குடிக்கவில்லை என்று அம்மா சொன்னார். நான் வந்து பிரித்துப் படித்தேன். பஸ்சிமி ஸ்டார், சங்க்ராம் மெடல், இரண்டு பதக்கமும் அவர் பெயருக்கு நேராக, அவர் ராணுவ எண்ணுக்கு நேராக. ஒரு தடவை படிக்கச் சொன்னார், மறுபடியும் படிக்கச் சொன்னார், மூன்றாவது தடவை எண்ணை மட்டும் ஒவ்வொரு இலக்கமாக வாசிக்கச் சொன்னார். கடைசி இலக்கம் ஏழு என்று நான் சொன்னதும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

இந்த நாலு வருடமாக நாங்கள் பட்டது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்கு நானே போன் போட்டுப் புலம்பியிருக்கிறேன், அதனால் அதையெல்லாம் திரும்ப எழுதப் போவதில்லை. எந்தப் படைப்பிரிவு, எந்த அலுவலகம், யார் எப்போது தவறு செய்தார் என்பதும் இந்த மடலில் வராது. ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு கூடாரத்தில் ஒருவர் நூற்றுக்கணக்கான எண்களைப் பார்த்துப் பார்த்து எழுதும்போது ஒரு ஏழு, ஒன்றாக மாறிவிட்டது. அவர்மேல் அப்பாவுக்குக் கோபமே இல்லை. எனக்கு இருந்தது, இப்போது இல்லை.

நான் எழுத வந்தது ஒரு சின்னப் பெண்ணைப் பற்றி. தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ஜெராக்ஸ் கடைத் தங்கை என்றே எழுதுகிறேன்.

வேலூரில் நாங்கள் எப்போதும் போகும் கடை அன்றைக்குப் பூட்டியிருந்தது. பக்கத்துத் தெருவில் இன்னொன்று இருக்கிறது என்று ஆட்டோக்காரர் இறக்கிவிட்டார். பத்தடிக்கு எட்டடி இருக்கும் கடை, ஒரு மெஷின், ஒரு கம்ப்யூட்டர். கல்லூரி விண்ணப்பங்களோடு ஆறேழு பிள்ளைகள் வாசலில் நின்றார்கள். நாங்கள் போனது வெறும் நகல் எடுக்கத்தான், மனுவோடு இணைக்க எட்டாவது செட். டிஸ்சார்ஜ் புக், ஓய்வூதிய ஆணை, ஆதார், எல்லாம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்ட வரிசை. அன்றைக்கு அப்பா தன் பழைய பே புக்கையும், அதாவது படையில் இருந்தபோது சம்பளம் எழுதிய புத்தகத்தையும், எடுத்து வந்திருந்தார். எப்படியோ அவரிடமே தங்கிப்போன புத்தகம் அது. பரண் ஒழுகி ஒரு மழைக்காலம் முழுக்க டிரங்குப் பெட்டிக்குள் ஈரத்தில் கிடந்தது, மடிப்புகளில் கிழிந்து, கரையான் ஓரத்தைத் தின்று, தொட்டாலே உதிரும். அதை யாரும் மதிக்க மாட்டார்கள் என்று நான்தான் இத்தனை நாளும் வேண்டாம் என்று சொல்லி வந்தேன்.

அந்தப் பெண் டிஸ்சார்ஜ் புக்கை எடுத்து முடித்தாள். பே புக்கைக் கையில் வாங்கியதும் மெஷின் மூடியைத் தூக்கியவள் அப்படியே நிறுத்திவிட்டாள். "தாத்தா, இதை மூடி போட்டு அழுத்தினா முதுகு ஒடிஞ்சிடும், வேண்டாம்" என்றாள். நான் பரவாயில்லைம்மா, சும்மா ஒரு நகல் போதும் என்றேன், அவள் காதில் வாங்கவில்லை. வாசலில் நின்ற பிள்ளைகளிடம் பத்து நிமிஷம் என்று சொல்லிவிட்டு, மேசையைத் துடைத்து, ஒரு வெள்ளைத் தாள் விரித்து, அதன்மேல் புத்தகத்தை வைத்து, இரண்டு ஸ்டீல் ஸ்கேலை எடுத்துப் பக்கத்தின் இரு ஓரத்திலும் பட்டும் படாமல் பிடித்து, என்னை டியூப் லைட்டை அணைக்கச் சொல்லி, ஜன்னல் வெளிச்சத்தில் தன் போனால் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்தாள். ஒரு பக்கத்தைத் திருப்ப அவள் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் மூச்சையே பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் வீட்டில்கூட அந்தப் புத்தகத்தை யாரும் அப்படித் தொட்டதில்லை.

கடைசி அட்டையின் உள்பக்கத்தில் ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருந்தது. பழுப்பேறிய வெறும் தாள், அட்டை கிழியாமல் இருக்க ஒட்டியது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். "அக்கா, இதில ஒரு சீல் இருக்கிற மாதிரி இருக்கு" என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அப்பாவுக்கும் தெரியவில்லை. படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, நிறத்தை எடுத்து, வெளுப்பைக் கறுப்பாகவும் கறுப்பை வெளுப்பாகவும் மாற்றி, ஏதேதோ கூட்டிக் குறைத்தாள். பழைய பத்திரங்களை எடுத்துக்கொண்டு பட்டா மாற்ற வருகிறவர்களுக்கு இப்படித்தான் செய்து கொடுப்பாளாம், அந்த ஊதா மை தாளின் நிறத்துக்கே வெளிறிப் போய்விடும், ஆனால் முழுசாகப் போகாது என்று சொல்லிக்கொண்டே செய்தாள். கறுத்த திரையில் வெள்ளை வெள்ளையாக எழுத்துகள் எழும்பி வந்தன. முதலில் சீலின் வட்டம், அப்புறம் பார்ட் டூ ஆர்டர் (படைவீரரின் பதிவில் ஏற்ற வேண்டியதை அறிவிக்கும் ராணுவ உத்தரவு) என்ற எழுத்து, அதன் எண், 1972 என்ற வருடம், இரண்டு பதக்கங்களின் சுருக்கப் பெயர். அதற்குக் கீழே அப்பாவின் பெயர், எண்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு ஒரு சாண் தூரத்தில் குனிந்தார். "இது என் நம்பர் இல்லை. கடைசியில ஒண்ணு போட்டிருக்கான்" என்றார். அவ்வளவுதான். நாலு வருடமாக எங்களுக்கு வந்த ஒவ்வொரு பதிலிலும் 'பதிவில் இல்லை' என்று இருந்ததற்குக் காரணம் அந்த ஒரு கோடு. பதிவு இருந்திருக்கிறது, வேறொரு எண்ணில் இருந்திருக்கிறது, சரியான எண்ணைச் சொல்லித் தேடியவர்களுக்கு அது எப்படிக் கிடைக்கும்?

மூன்று விதமாக அச்செடுத்துக் கொடுத்தாள், பென் டிரைவிலும் போட்டுக் கொடுத்தாள். பத்து நிமிஷம் என்றது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. வாசலில் நின்ற பிள்ளைகளில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை, இரண்டு பேர் உள்ளே வந்து அப்பாவுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு என்று கேட்டேன். பன்னிரண்டு ரூபாய் என்றாள். தாளுக்கு மட்டும். நூறு ரூபாயை நீட்டியதற்கு எண்பத்தெட்டு ரூபாயை எண்ணி என் கையில் வைத்தாள்.

தங்கை, உனக்கு நான் என்ன சொல்ல? நாங்கள் பார்க்க வேண்டிய எல்லோரையும் பார்த்தாகிவிட்டது, கும்பிட வேண்டிய எல்லோரையும் கும்பிட்டாகிவிட்டது. யாரும் எங்களை விரட்டவில்லை, ஆனால் எல்லோரும் அந்தப் புத்தகத்தை வாங்கிப் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். நானும் அப்படித்தான் இத்தனை வருடம் வைத்திருந்தேன். நீ மட்டும்தான் அது உடைந்துவிடும் என்று பயந்தாய்.

அப்பா அந்தப் போரைப் பற்றி எங்களிடம் அதிகம் பேசியதில்லை. 1971 டிசம்பரில் மேற்கு எல்லையில், சாம்பாவுக்கு அந்தப் பக்கம் ஷகர்கர் பகுதியில் வண்டி ஓட்டினார் என்பது தெரியும், இரவில் விளக்குப் போடாமல் முன்னால் போகிற வண்டியின் பின்பக்கத்தை மட்டும் பார்த்து ஓட்டுவார்களாம், பசந்தர் ஆற்றை ஒட்டி எங்கும் கண்ணிவெடி என்பதால், அதை அகற்றும் சப்பர்கள் என்கிற பொறியியல் படைவீரர்கள் துணிப்பட்டை கட்டிய வழியை விட்டு ஒரு சக்கரம்கூட இறங்கக் கூடாதாம். டிசம்பர் 16-ம் தேதி அங்கே டாங்கிச் சண்டையில் இறந்து பரம்வீர் சக்ரா பெற்ற அருண் கேத்ரபாலுக்கு 21 வயது. அப்பாவுக்கும் அப்போது அதே 21. அந்தப் பெயரை எங்கே கேட்டாலும் அப்பா பேச்சை நிறுத்திவிடுவார். மறுநாள் இரவு 8 மணிக்குப் போர் நிறுத்தம் என்று சொன்னபோது வண்டியின் ஸ்டியரிங்கிலேயே தலையை வைத்துத் தூங்கிவிட்டதாக ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

பஸ்சிமி ஸ்டார் வீரதீரச் செயலுக்குக் கொடுப்பது இல்லை. அந்த நாட்களில் மேற்கு முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது, கிழக்கில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார். இதனால் ஓய்வூதியம் ஒரு ரூபாய் கூடாது. இதற்குப் போய் ஏன் இவ்வளவு அலைச்சல் என்று எங்களிடம் கேட்டவர்கள் உண்டு, அவர்கள் தப்பாகக் கேட்கவில்லை. கடையில் மாதிரிப் பதக்கம் விற்கிறது, வாங்கிக் குத்திக்கொள்ளுங்கள் என்று நல்லெண்ணத்தோடு சொன்னவர்களும் உண்டு. அப்பா அதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. அவருடைய டிஸ்சார்ஜ் புக்கில் சைன்ய சேவா பதக்கம் இருக்கிறது, ஜம்மு காஷ்மீர் பட்டையோடு. ஒன்பது வருடச் சேவைப் பதக்கம் இருக்கிறது, சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கம் இருக்கிறது. போர் மட்டும் இல்லை. அந்தப் புத்தகத்தின்படி 1971 டிசம்பரில் அப்பா எங்கேயும் இல்லை. "நான் அங்க இல்லைன்னு எழுதி வச்சிருக்காங்கம்மா" என்று 2021 விஜய் திவஸ் அன்று, அந்தப் போரின் வெற்றி நாளில், கூட்டத்திலிருந்து திரும்பி வந்து சொன்னார், பொன்விழா வருடம் அது, கூட இருந்த எல்லோர் மார்பிலும் ஸ்டார் இருந்தது. அன்றைக்குத்தான் நான் முதல் மனுவை எழுதினேன்.

மற்ற எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், ஒருவருக்கும் குறைத்துச் சொல்லவில்லை. வேலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் எங்கள் மனுவை ஒவ்வொரு தடவையும் முகம் சுளிக்காமல் வாங்கி மேலே அனுப்பியவர்கள், இங்கிலீஷ் கடிதத்தை ராணுவ நடைக்குத் திருத்திக் கொடுத்த சுபேதார் ஐயா, அப்பா கூடத்தான் இருந்தார் என்று பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட இரண்டு பெரியவர்கள் (ஒருவர் அதற்காகப் பாலக்காட்டிலிருந்து ரயிலேறி வந்தார், காலில் வீக்கத்தோடு), கம்மவான்பேட்டையில் வீடு வீடாகப் போய் அப்பாவோடு சேர்ந்து படையில் இருந்தவர்களைத் தேடித் தந்த தம்பிகள், எனக்கு விடுப்புக் கொடுத்த மேலாளர், கடைசியில் ஆர்டர் எண்ணைப் பார்த்ததும் பழைய கட்டுகளை எடுத்துத் தேடி, எடுத்ததும் எங்களுக்கே போன் செய்து "சாப், மில் கயா" (ஐயா, கிடைத்துவிட்டது) என்று சொன்ன, பெயர் கூடச் சொல்லாத அந்த ஹவில்தார் எழுத்தர். உங்கள் ஒவ்வொருவர் காலையும் தொட்டுக் கும்பிடுகிறேன்.

இந்த அலைச்சலில் ஒன்று தெரிந்துகொண்டேன், அதை மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஓய்வூதியம் இல்லாமல் படையை விட்டு வந்தவர்களின் ஆவணங்களை 25 வருடம் கழித்து அழித்துவிடலாம் என்று விதி இருக்கிறது, அதன்பின் லாங் ரோல் என்கிற பெரிய பதிவேட்டில் ஒரு வரி மட்டும்தான் மிஞ்சும். அப்பா ஓய்வூதியக்காரர் என்பதால் எங்களுக்குத் தேட ஏதோ இருந்தது. அது இல்லாத எத்தனை பேர், எழுத்து ஒன்று, எண் ஒன்று மாறிப்போய், கடைசிவரை யாரிடமும் சொல்லாமலே போயிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்கள் வீட்டில் அப்பாவோ தாத்தாவோ படையில் இருந்திருந்தால் இன்றைக்கே அந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள், எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சரிபாருங்கள், அட்டையில் ஒட்டியிருக்கிற தாளைக்கூடக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

நான் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். இனி மாதம் இரண்டாவது சனிக்கிழமை காலை முழுவதும் அந்தக் கடை வாசலில்தான் இருப்பேன், கடைக்காரரிடம் கேட்டுவிட்டேன், ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்ளச் சொன்னார். பழைய படைவீரர்கள், அவர்கள் வீட்டுக்காரம்மாக்கள், யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும் வாருங்கள், பைசா வேண்டாம். படம் எடுக்க வேண்டியிருந்தால் தங்கை எடுப்பாள், அவளிடமும் கேட்டுவிட்டேன்.

பதக்கங்கள் இன்னும் கைக்கு வரவில்லை, அதற்கு நாளாகும் என்கிறார்கள், ஆகட்டும். வெள்ளிக்கிழமை காலை அப்பா குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கடிதத்தை எடுத்துக்கொண்டு, நேராக அந்தக் கடைக்குக் கூட்டிப் போகச் சொன்னார். அவள் நின்றுகொண்டே முழுக்கப் படித்தாள். அப்பா லேமினேஷன் போடச் சொன்னார். "வேண்டாம் தாத்தா, ஒரிஜினலை லேமினேட் பண்ணினா அப்புறம் எங்கேயும் ஏத்துக்க மாட்டாங்க, நகலுக்குப் போட்டுத் தர்றேன், சுவத்துல மாட்டுங்க" என்றாள். சரி என்றார். இரண்டு நகல் கேட்டார். ஒன்றை எங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு, இன்னொன்றை அவளிடமே கொடுத்தார்.