குல்லாவை மறந்த பையன்

ட்ரொன்ஹெய்ம், நார்வே

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. கயல்விழிக்கு இந்த ஊரிலேயே மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது அதைவிடப் பெரிய சந்தோஷம். அறை கிடைக்கும்வரை என் வீட்டில்தான் இருக்கப் போகிறாள், அதில் பேச்சே இல்லை.

"ஆங்கிலம் போதாதா? நார்வே மொழியும் ஏறக்குறைய ஆங்கிலம் மாதிரிதானாமே?" என்று கேட்டிருந்தாய். வகுப்புக்கும் கடைக்கும் ஆங்கிலம் போதும். ஆனால் "மாதிரிதான்" என்பதைப் பாதிதான் ஒத்துக்கொள்வேன். நீ தமிழாசிரியை என்பதால் இலக்கணமாகவே சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்.

நான் வேலை பார்க்கும் பாலர் பள்ளியில் சாயங்காலம் பெற்றோருக்கு ஓரிரு வரி எழுதி அனுப்புவது வழக்கம். நேற்று ஒரு பையனின் அம்மாவுக்கு நான் எழுதியது: "இ தாக் க்ளெம்தெ ஹன் லூவா ஸி இ பாணெஹாகென்." இன்று அவன் தன் குல்லாவைப் பள்ளியில் மறந்துவிட்டான், அவ்வளவுதான் செய்தி. ஆனால் இந்த ஒரு வரியில் பாதி இலக்கணம் இருக்கிறது.

அவர்கள் அடுக்கும் வரிசையைப் பார்: இன்று, மறந்த, அவன், குல்லா, தன், இல், பள்ளி. இப்படிச் செய்தி சொல்லும் வாக்கியத்தில் வினை இரண்டாவது இடத்தை விட்டு நகராது. "அவன்" என்று தொடங்கினால் "ஹன் க்ளெம்தெ". "இன்று" என்று தொடங்கினால் அவன் வினைக்குப் பின்னால் போய்விட வேண்டும். வெளியூர்க்காரர்களை இவர்கள் கண்டுபிடிப்பதே இதில்தான். "இன்று அவன் மறந்தான்" என்ற ஆங்கில வரிசையில் பேசினால் எல்லோருக்கும் புரியும், ஆனால் காதில் இடறும்.

"க்ளெம்தெ"வுக்கு நம் ஆன், ஆள், ஏன் எதுவும் கிடையாது. நான் மறந்தாலும் நீ மறந்தாலும் அரசர் மறந்தாலும் அதே சொல்தான். அதனால்தான் "மறந்துட்டான்" என்று நாம் ஒரே சொல்லில் முடிப்பதை இவர்களால் முடிக்க முடியாது. "ஹன்" என்று ஆளைச் சொல்லியே ஆக வேண்டும். மூன்று வயதுப் பையனுக்கும் "ஹன்", தாத்தாவுக்கும் "ஹன்". நேரில் பேசும்போது எல்லோரும் "தூ", அதாவது நீ. மரியாதைக்கு "தீ" என்று ஒரு சொல் இருந்தது. 1970களிலிருந்து அது தேய்ந்து, இப்போது பேச்சில் கேட்பதே அபூர்வம். கயலிடம் இதை இப்போதே சொல்லி வை. பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட முதலில் வாய் வராது.

அப்புறம் "லூவா". "லூஎ" என்றால் ஏதோ ஒரு குல்லா, "லூவா" என்றால் குறிப்பிட்ட அந்தக் குல்லா. ஆங்கிலத்தில் முன்னால் தனியாக நிற்கிற சொல் இங்கே வேற்றுமை உருபு போலப் பின்னால் ஒட்டிக்கொள்கிறது. குல்லா பெண்பால், கையுறை ஆண்பால், கழுத்தில் சுற்றும் துண்டு இரண்டுமில்லை. உயர்திணை, அஃறிணை என்று ஒழுங்காகப் பிரித்து வைத்திருக்கும் நாம் இதில் நியாயம் தேடினால் தலைவலிதான். குழந்தையும் இரண்டுமில்லாத பால்தான். அதை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன், நாமும் "குழந்தை அழுகிறது" என்றுதானே சொல்கிறோம்.

எனக்கு மிகவும் பிடித்தது "ஸி". இது நம் "தன்". அதற்குப் பதில் "லூவா ஹன்ஸ்" என்று எழுதியிருந்தால், பையன் வேறு எவனுடைய குல்லாவையோ மறந்துவிட்டான் என்று அர்த்தம் ஆகிவிடும். ஆங்கிலம் இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்வதில்லை. கயலுக்குத் தமிழ் வழியாக இது சுலபமாக வரும். ஆனால் ஒரு சிக்கல்: இந்தத் "தன்" உடையவரைப் பார்த்து மாறாது, பொருளைப் பார்த்து மாறும். குல்லாவுக்கு ஸி, கையுறைக்கு ஸின், துண்டுக்கு ஸித், பன்மைக்கு ஸீனெ. மறந்தது பெண் குழந்தையானாலும் "லூவா ஸி"தான். இன்னொன்று, இந்தச் சொல் எழுவாய்க்குள் வராது. "அவன் குல்லா இங்கேதான் இருக்கிறது" என்று சொல்ல "ஹன்ஸ்"தான் வேண்டும்.

மேற்குக் கடற்கரைப் பக்கம் இதே "ஸின்" இன்னொரு வேலையும் செய்கிறது. "பேர் ஸின் பீல்" என்றால் பேர் என்ற ஆளுடைய கார். "முருகன் தன் வீடு" என்று நம் பழைய எழுத்தில் வருவதைப் போலத்தான். இதற்கு இவர்கள் வைத்த பெயர் "கார்ப் வேற்றுமை". பெர்கன் நகரில் வியாபாரம் செய்த ஹான்சா என்ற வணிகர் கூட்டமைப்பின் ஜெர்மானியர்களுக்கு உள்ளூர்க்காரர்கள் வைத்த பட்டப்பெயர்தான் கார்ப்.

இனிமேல்தான் வேடிக்கை. நான் எழுதிய "லூவா"வை "லூவென்" என்றும் எழுதலாம், இரண்டும் சரி. 1814 வரை நார்வே டென்மார்க்கோடு சேர்ந்திருந்தது, எழுத்தும் டேனிஷ்தான். டேனிஷ் எழுத்தில் பெண்பால் ஆண்பாலோடு கலந்துவிட்டதால் "என்" ஈறு. கிராமப் பேச்சில் பெண்பால் அப்படியே நின்றதால் "ஆ" ஈறு. ஈவார் ஓசென் என்பவர் 1840களில் ஊர் ஊராகப் போய் வட்டார வழக்குகளைத் திரட்டி ஒரு புது எழுத்து மொழியை உருவாக்கினார். இப்போது அதன் பெயர் நீநோர்ஷ்க். டேனிஷிலிருந்து மெல்ல மாறி வந்தது பூக்மோல். 1885இல் நாடாளுமன்றம் இரண்டுக்கும் சம அந்தஸ்து கொடுத்தது. நீநோர்ஷ்கில் எழுதியிருந்தால் என் வரியில் "க்ளெம்தெ" போய் "க்ளொய்ம்தெ" வந்திருக்கும், லூவா லூவாவாகவே இருந்திருக்கும். இரண்டையும் நெருக்க நினைத்து 1938இல் அரசு பல சொற்களுக்கு "ஆ" ஈற்றைக் கட்டாயமாக்கியது. 1950களின் தொடக்கத்தில் ஓஸ்லோவில் கோபம் வந்த பெற்றோர்கள் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தையே பேனாவால் திருத்தினார்கள்! 1981இல் "என்" ஈறு பல சொற்களுக்குத் திரும்ப வந்தது. ஆக, ஒருவர் "லூவா" எழுதுகிறாரா "லூவென்" எழுதுகிறாரா என்பதில் ஊரும் வளர்ப்பும் கொஞ்சம் அரசியலும் தெரிந்துவிடும். பெர்கன்காரர் பேச்சில் பெண்பாலே கிடையாது, அவருக்கு "லூவென்" இயல்பு. இங்கே குழந்தைகள் "லூவா" என்கிறார்கள், நானும் அதையே எழுதுகிறேன்.

"பாணெஹாகென்" என்று நான் ண போட்டதைக் கவனித்தாயா? எழுத்தில் அது ர், ன். ஆனால் ஓஸ்லோவிலும் இங்கேயும் வடக்கிலும் ர்ன் சேர்ந்தால் ண் ஆகிவிடும், ர்த் சேர்ந்தால் ட் ஆகிவிடும். நாவை மடித்துச் சொல்கிற அசல் ண, ட! தனியாக வரும் அவர்கள் த, நம் த பக்கம்தான். வகுப்பில் மற்ற நாட்டுக்காரர்கள் இந்த ஒலிக்குப் படும் பாட்டைப் பார்த்தால் பாவமாக இருக்கும். நமக்குப் படிக்கவே வேண்டாம். மேற்கே பெர்கன் போன்ற ஊர்களில் இது இல்லை.

அந்த அம்மா உடனே கேட்டிருந்தார், குல்லா எங்கே என்று. அதற்கும் "இருக்கிறது" என்று சொன்னால் போதாது. கொக்கியில் என்றால் தொங்குகிறது, அலமாரியில் என்றால் கிடக்கிறது, பூட்ஸ் என்றால் நிற்கிறது. "நினைக்கிறேன்" என்பதற்கும் இரண்டு சொல்: நேரில் பார்க்காமல் சொன்னால் "த்ரூர்" என்று தொடங்க வேண்டும், பார்த்துவிட்டு "அழகாக இருக்கிறது என்று நினைக்கிறேன்" என்றால் "ஸ்யூனெஸ்". சூப்பைக் குடித்துவிட்டு "நன்றாக இருக்கும் என்று த்ரூர்" என்றால் குடிக்கவே இல்லையோ என்று பார்ப்பார்கள்.

சரி, கயல் கிளம்புமுன் முழுப் பாடப்புத்தகம் எதுவும் வேண்டாம். வினை இரண்டாவது இடம், தன்னுக்கு நான்கு வடிவம், இந்த இரண்டை மட்டும் பழகிக்கொண்டு வரட்டும். கம்பளிக் குல்லாவை அங்கே வாங்க வேண்டாம், இங்கே மலிவாக நல்லதே கிடைக்கும். ஊறுகாயும் அம்மா இடிக்கும் பருப்புப் பொடியும் மட்டும் கொடுத்து அனுப்பு. ஆமாம், உன் வகுப்புப் பிள்ளைகள் கட்டுரையில் இன்னும் "தன்" எழுதுகிறார்களா, இல்லை எல்லாம் "அவனுடைய"தானா? மறக்காமல் எழுது.

அன்புடன்,
மீனா