யூசான் அண்ணனுக்கு ஒரு கடிதம்

யூசான் அண்ணே,

வணக்கம். பால்டிமோர் கல்லறைத் தோட்டத்தில் உங்களை அடக்கம் செய்து 120 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. சாகும்போது உங்களுக்கு வயது 31தான், நான் அதைத் தாண்டி வெகுகாலம் ஆகிறது, ஆனாலும் வாயில் அண்ணே என்றுதான் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உண்மையைச் சொன்னால் உங்கள் மனைவியைப் பற்றிப் படிக்கத்தான் உட்கார்ந்தேன். டாக்டர் எஸ்தர் பாக், மேற்கத்திய மருத்துவம் படித்த கொரியாவின் முதல் பெண் மருத்துவர், வெளிநாட்டார் நடத்திய மெதடிஸ்ட் மிஷனில் அந்த மண்ணிலேயே பிறந்த டாக்டர். பக்கம் பக்கமாக அவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், உங்களுக்கு ஒரு வரி, கூடிப்போனால் இரண்டு.

சியோலில் மிஷன் நடத்திய இஹ்வா பெண்கள் பள்ளியில் அவரை அப்பா கொண்டுபோய் விட்ட நாளைப் பற்றி உங்களிடம் சொல்லிச் சிரித்திருப்பார். நல்ல குளிர். வெள்ளைக்கார அம்மா அடுப்புப் பக்கம் வா என்று அன்பாகத்தான் கூப்பிட்டிருக்கிறார், ஆனால் குட்டிப் பெண் ஜோம்தோங் (அப்போது அதுதானே பெயர்) தன்னைத் தூக்கி நெருப்புக்குள் போடப்போகிறார்கள் என்று நடுங்கிவிட்டாள். அப்புறம் அங்கேயே ஆங்கிலம் படித்து, 1890இல் அமெரிக்காவிலிருந்து மிஷன் மருத்துவமனைக்கு வந்த டாக்டர் ரொசெட்டா ஷெர்வுட்டுக்கு மொழிபெயர்த்துச் சொல்பவளானாள். ஆண் டாக்டர் தொடக் கூடாது என்று நோயோடு வீட்டுக்குள் கிடந்த பெண்களுக்காகவே 1887இல் தொடங்கிய மருத்துவமனை அது. அறுவை என்றாலே அவளுக்கு ஆகாது. ஆனால் பிளந்த உதட்டை ரொசெட்டா தைத்துச் சரிசெய்ததைப் பார்த்த பிறகு, நானும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது.

1893இல் உங்கள் கல்யாணம். நீங்கள் ரொசெட்டாவின் கணவர் டாக்டர் வில்லியம் ஹாலிடம் வேலைக்கு இருந்தவர். மறு வருடமே, ஜப்பானும் சீனாவும் மோதிய பியோங்யாங் போருக்குப் பிறகு அங்கே வைத்தியம் பார்க்கப் போன ஹால் டைஃபஸ் காய்ச்சலில் போய்விட, கைக்குழந்தையோடும் வயிற்றுப் பிள்ளையோடும் அமெரிக்கா திரும்பிய ரொசெட்டாவுடன் நீங்கள் இருவரும் கப்பல் ஏறினீர்கள். லிபர்ட்டி ஊரில் ரொசெட்டா வீட்டுப் பண்ணையில் வேலை செய்தீர்கள். 1896இல் எஸ்தர் பால்டிமோர் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்ததும் அங்கே உங்கள் உழைப்பில்தான் படிப்பு நடந்தது. அவர் எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்துகொண்டிருந்த ராத்திரிகளில் நீங்கள் எத்தனை மணிக்கு வீடு திரும்பினீர்கள்? சாப்பிட்டீர்களா?

எழுதும்போதே ஒரு உறுத்தல், ஒரு பெண் சாதித்த கதையில் புருஷனைத் தூக்கிப் பிடிக்கிறேனோ என்று. இல்லை, அப்படிச் செய்யவில்லை. படித்தது அவர்தான், கத்தியைப் பிடித்தது அவர் கைதான். ஆனால் 1890களில் பெண்டாட்டி டாக்டருக்குப் படிக்க, தான் கூலி வேலை பார்த்த கொரிய ஆண் எத்தனை பேர் இருந்திருப்பார்கள், சொல்லுங்கள்.

நீங்கள் பார்க்காததைச் சொல்கிறேன். 1900 ஏப்ரலில் காசநோய் உங்களைக் கொண்டுபோனபோது பட்டமளிப்புக்கு மூன்றே வாரம் இருந்தது. எஸ்தர் பட்டத்தை வாங்கிக்கொண்டு தனியாக ஊர் திரும்பினார். முதல் பத்து மாதத்தில் 3000 பேருக்கு மேல் பார்த்தாராம். பனிக்காலத்தில் கழுதை இழுத்த சறுக்குவண்டியில் கிராமம் கிராமமாகப் போயிருக்கிறார். 1909இல் அரண்மனையில் அழைத்துக் கௌரவித்தார்கள். 1910 ஏப்ரலில் அவரும் போய்விட்டார், அதே காசநோய்.

அன்று கைக்குழந்தையாக உங்களோடு கப்பல் ஏறிய ரொசெட்டாவின் பையன் ஷெர்வுட் ஞாபகம் இருக்கிறதா? எஸ்தரின் சாவு அவனை விடவே இல்லை. டாக்டராகி, 1928இல் கொரியாவின் ஹேஜு ஊரில் காசநோய் மருத்துவமனை தொடங்கினான், 1932இல் அதற்காகக் கொரியாவின் முதல் கிறிஸ்துமஸ் சீல் (காசநோய் நிதிக்காக விற்கும், தபால்தலை போன்ற ஒட்டுத்தாள்) வெளியிட்டான். அப்போது கொரியாவை ஆண்ட ஜப்பானியர்கள் 1940இல் வெளியேற்றியதும் எங்கே வந்தான் தெரியுமா, எங்கள் அஜ்மீர் பக்கம் மதார் சானடோரியத்துக்கு. 1963 வரை இங்கேதான் காசநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உங்கள் கல்லறைக் கல்லில் ஒரு பைபிள் வசனம் இருக்கிறது: "அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்." இன்னொன்று, உங்கள் ஊரில் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் அப்பா வீட்டுக் குடும்பப் பெயரைத்தான் வைத்துக்கொள்வார்கள், இல்லையா? அமெரிக்க வழக்கப்படி, அப்பா வீட்டுப் பெயரான கிம் போய் உங்கள் பாக் அவர் பெயரில் சேர்ந்தது. ஊர் திரும்பிய பிறகும் அவர் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

அன்புடன்,
உங்களைத் தாமதமாகத் தெரிந்துகொண்ட ஒருத்தி